ஒரு வீட்டுக்கு எத்தனை பிளக் வேண்டும்?

சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஒன்றுக்காகச் சென்ற மாதம் ஆரணியை அடுத்த ஒரு காலனிக்குப் போயிருந்தேன். காலை பத்து மணி. பழைய தொகுப்பு வீடு. ஒரு கூடம், ஒரு சிறிய அறை, சமையலுக்கு ஓர் ஒதுக்குப்புறம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்த மகன் கூடத்தில் படுத்திருந்தான். தலைமாட்டில் டேபிள் பேன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். மாலையில் தெருவில் இட்லி மாவு விற்றால்தான் வீட்டுச் செலவு ஓடும். பிளஸ் டூ படிக்கும் மகள் கையில் செல்போனோடு நின்றுகொண்டிருந்தாள். பள்ளியில் அனுப்பிய வினாத்தாள் அதில்தான் இருக்கிறது. சார்ஜ் நான்கு சதவீதம்.

அந்த வீட்டில் சுவரோடு இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இழுத்திருக்கிறார்கள். அதில் மூன்று ஓட்டை. ஒன்று கருகிப்போய்விட்டது. ஒன்றில் பேன், ஒன்றில் கிரைண்டர்.

"இன்னும் பத்து நிமிஷம் இரு. மாவு ஆட்டி முடிச்சிடறேன். அண்ணன் பேனைப் புடுங்கிடாத, இப்பதான் கண்ணு அசந்தான்."

"பத்து நிமிஷம்னு நீயும் பத்து தபா சொல்லிட்ட மா."

நான் கருகிய ஓட்டையைப் பார்ப்பதைக் கவனித்த அந்த அம்மா சொன்னார்: "வீடு குடுத்தாங்க. மிக்சி குடுத்தாங்க, கிரைண்டர் குடுத்தாங்க. சொருவுறதுக்கு ஓட்டை குடுக்கல அண்ணா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதன்பிறகு நான் எந்தக் காலனிக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறேன். எத்தனை பிளக் இருக்கிறது என்று எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. சில வீடுகளில் லைட் சுவிட்ச் போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று மட்டும்.

ஒரு வீட்டுக்கு எத்தனை பிளக் வேண்டும் என்பது எலக்ட்ரீசியன் முடிவு செய்கிற விஷயம் என்று நினைக்கலாம். வீடு கட்டும் வசதி உள்ளவர்கள் வீட்டில் அப்படித்தான். சுவர் பூசுவதற்கு முன்பே எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து, கட்டில் எங்கே, டி.வி. எங்கே, பிரிட்ஜ் எங்கே என்று சாக்பீஸில் குறி போட்டுவிடுவார்கள். அரசு கட்டித் தரும் வீட்டில், அரசு உதவியோடு கட்டும் வீட்டில், அந்தச் சாக்பீஸ் யார் கையில் இருக்கிறது? அவர்கள் நம்மை என்னவாக நினைத்துக் குறி போட்டார்கள்? இன்றைக்கு நான் பேச விரும்புவது இதைத்தான்.

விளக்கு மட்டும் போதும் என்ற கணக்கு

நான் பிறந்தது ஒற்றை விளக்குக் குடிசையில். என் வயதுக்காரர்கள் பலருக்கும் அது தெரியும். ஒரு வீட்டுக்கு ஒரு பல்பு. அதைக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் தொங்கவிட்டிருப்போம். இரண்டு பக்கமும் அரை வெளிச்சம். என் அம்மா சமைக்கும்போது அவர் நிழல் என் புத்தகத்தில் விழும். அன்றைக்கு அது பெரிய விஷயம்தான். சிம்னி விளக்கிலிருந்து பல்புக்கு வந்தவர்கள் நாங்கள். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்களை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் அந்த "ஒன்று" அங்கேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டு மின்கட்டண வகைகளில் குடிசைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. தாட்கோ கட்டிய வீடுகளும், ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கட்டிய வீடுகளும் இதில்தான் சேர்க்கப்பட்டன. 40 வாட்டுக்கு மிகாத ஒரு விளக்கு என்பதுதான் அந்தப் பிரிவின் அடிப்படை. 2006-க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அதற்காக விதி கொஞ்சம் தளர்ந்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தன. விதி இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. எண்ணிப் பாருங்கள். அரசே கொடுத்த பொருட்கள் ஐந்து. ஐந்துக்கும் பிளக் வேண்டும். பொருளைக் கொடுத்த துறை வேறு, வீட்டைக் கொடுத்த துறை வேறு, மின்சாரம் கொடுத்த துறை வேறு. மூன்றும் சந்திக்கும் இடம் அந்தச் சுவர். அதில் இருப்பது ஒரே ஓட்டை.

மத்திய அரசின் கணக்கும் இப்படித்தான். 1988-89-ல் வந்த குடீர் ஜோதி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு கொடுத்தது. 2017 செப்டம்பரில் தொடங்கிய சௌபாக்யா திட்டம் ஏழை வீட்டுக்குக் கொடுத்தது ஒற்றை முனை ஒயரிங், ஒரு எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜ் போட ஒரு முனை. நடுவில் ஏறக்குறைய முப்பது வருஷம். குண்டு பல்பு எல்.இ.டி. ஆனது. விளக்கு மட்டும் இரண்டாகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட மின்சாரம் பற்றிய கேள்வி, வெளிச்சத்துக்கு முக்கியமாக எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான். விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று பொருள். அந்த மின்சாரத்தை வைத்து அந்த வீட்டார் வேறென்ன செய்ய முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 2011-ல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய மின்விளக்குகள் கொடுத்தார்கள். கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என்று அறைக்கு ஒன்று. ஒன்று ஐந்தானது நல்ல முன்னேற்றம். ஆனால் அங்கேயும் எண்ணியது விளக்கைத்தான். ஏழை வீட்டில் இருட்டு மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்கும் மனம் இது. அந்த வீட்டில் ஒருத்தி தையல் மெஷினுக்கு மோட்டார் போடுவாள், ஒருவன் கணினி வைத்துப் படிப்பான் என்று அந்தக் கணக்கு எதிர்பார்க்கவில்லை.

ஊர் வேறு, சேரி வேறு

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர் நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும், பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியாகவும் எழுதுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்குப்பிள்ளைக்கே ஊர் வேறு, சேரி வேறு.

சுதந்திர இந்தியாவின் மின்சாரக் கணக்கிலும் அது தொடர்ந்தது. 1997 வரை ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் போனாலும் அந்தக் கிராமம் மின்மயமானதாகவே எழுதப்பட்டது. ஒருவர் வயலில் பம்புசெட் ஓடினால் போதும். பிறகு குடியிருப்புப் பகுதிக்குள் மின்சாரம் வந்திருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். அப்போதும் குடியிருப்பு என்றால் ஊர்தான். 2004-ல்தான் இலக்கணத்தை மறுபடி எழுதினார்கள். டிரான்ஸ்பார்மரும் மின்கம்பியும் தலித் குடியிருப்புக்கும் போயிருக்க வேண்டும், பள்ளி போன்ற பொது இடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும், நூற்றுக்குப் பத்து வீட்டிலாவது இணைப்பு இருக்க வேண்டும் என்றார்கள். சேரியைப் பெயர் சொல்லி எழுதினால்தான் கம்பி சேரிக்கு வரும் என்று அரசுக்கே 2004-ல்தான் புரிந்தது. பெயர் சொல்லி எழுதாவிட்டால் நமக்கு எதுவும் வராது என்பது நமக்கு எப்போதும் தெரியும். பிளக்கும் அப்படித்தான். எழுதினால்தான் வரும்.

நம் மாவட்டத்தில் இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பொன்னேரி பக்கம் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த மூன்றாம் நிலை 800. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். மொத்தம் 4,130. நிலக்கரிச் சாம்பலைச் சுவாசிப்பது நம் மாவட்டத்து மக்கள். உயரழுத்தக் கம்பி போவது நம் வயல்களுக்கு மேலே. அந்த மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போவது நம் பிள்ளைகள். மாநிலத்துக்கே மின்சாரம் கொடுக்கும் மாவட்டத்தில் பிள்ளைக்கு சார்ஜ் போட ஒரு ஓட்டை இல்லை என்றால் அதைக் கேட்காமல் இருக்க முடியுமா?

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு மட்டும் வைத்துப் பார்க்கிறோம். 1942 ஜூலை முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 1943 அக்டோபர் 25 அன்று மின்சாரம் பற்றிய கொள்கைக் குழுக் கூட்டத்தில் அவர் பேசியதன் சாரம் இதுதான்: மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த நாட்டு மக்கள் வறுமைச் சுழலிலிருந்து மீள முடியாது. தாராளம் என்பது அவர் வைத்த அளவு. "ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு" என்பது அந்த அளவு அல்ல.

ஜங்ஷன் பாக்ஸ் என்ற ஆபத்து

"பிளக் இல்லையென்றால் ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கலாம். அதைத்தான் நம் மக்கள் செய்கிறார்கள். அதில்தான் ஆபத்தே இருக்கிறது.

கணக்கு எளிது. சாதாரண சிறிய பிளக் 6 ஆம்பியர் தாங்கும். 750 வாட் மிக்சி ஓடினால் 3.3 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர். இரண்டும் ஒரே பெட்டியில் ஓடினால் 7.6. அளவு தாண்டிவிட்டது. 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு தனியாகவே 8.7 ஆம்பியர் கேட்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கும் தடித்த ஒயரும் வேண்டும். கேஸ் விலை ஏறும்போது இண்டக்ஷன் அடுப்பு வாங்கும் நம் வீடுகளில் பவர் பிளக் எங்கே இருக்கிறது? நடைபாதைக் கடையில் வாங்கிய பெட்டிக்குள் இருக்கும் ஒயர் நூல் மாதிரி இருக்கும். அது சூடாகும், உருகும், பிறகு பற்றும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி உருகியது. பாட்டி நாற்றம் பிடித்து எழுந்து மெயினை அணைத்ததால் பாயோடு போயிற்று. எல்லா வீட்டிலும் பாட்டி விழித்திருக்க மாட்டார்.

எர்த் இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. மூன்று முள் பிளக்கில் மேலே உள்ள தடித்த முள் எதற்கு என்று தெரியாமல் அதை உடைத்துவிட்டுச் சொருகுகிறார்கள். அந்த முள்தான் எர்த். கிரைண்டரில் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் வழி அதுதான். அதை உடைத்துவிட்டால், ஈரக் கையோடு மாவு வழிக்கும் பெண்ணின் உடம்புதான் வழி. இப்போது ஆர்.சி.டி. என்ற கருவி வந்திருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். புதிய இணைப்புகளுக்கு அதை வலியுறுத்துகிறார்கள். நல்லது. பழைய தொகுப்பு வீடுகளில் யார் பொருத்துவது?

மழையும் இருக்கிறது. காலனிகள் பெரும்பாலும் தாழ்வான இடத்தில்தான் இருக்கும். நல்ல மேட்டை ஊர் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது அதுதான். ஆரணி ஆறு பெருகினாலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் போன்ற புயல் வந்தாலும், முதலில் தண்ணீர் நுழைவது நம் வீட்டில். தரையில் கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸ் அப்போது எமன். சுவரில் நான்கடி உயரத்தில் பிளக் இருந்தால் பெட்டி தரைக்கு வராது.

எண்ணிச் சொல்கிறேன்

சரி, எத்தனை வேண்டும்? தெரிந்த எலக்ட்ரீசியன் தம்பி ஒருவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் வீட்டை எடுத்துக்கொண்டோம். 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடு.

கூடத்தில் மூன்று: டி.வி., செட்டாப் பாக்ஸ், மற்றொன்று பேனுக்கோ அயர்ன் பாக்ஸுக்கோ. அறையில் மூன்று: படிக்கும் இடத்தில் இரண்டு, படுக்கும் இடத்தில் ஒன்று. சமையலறையில் மேடை உயரத்தில் இரண்டு, பிரிட்ஜுக்கு ஒன்று, இண்டக்ஷன் அடுப்புக்கு ஒரு பவர் பிளக். தாழ்வாரத்தில் ஒன்று, தையல் மெஷினுக்கோ சிறு தொழிலுக்கோ. குளியலறைக்கு வெளியே வாஷிங் மெஷினுக்கு ஒரு பவர் பிளக். மொத்தம் பன்னிரண்டு. பத்து சிறியது, இரண்டு பெரியது.

இது ஆடம்பரம் அல்ல. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் தலா இரண்டு முதல் மூன்று சிறிய பிளக் என்பது தேசிய மின் விதித்தொகுப்பே பரிந்துரைக்கும் அளவு. பிளக் கூடினால் பில் கூடாது. மீட்டர் ஓட்டையை எண்ணுவதில்லை, ஓடுவதைத்தான் எண்ணுகிறது. பன்னிரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் ஓடப்போவதும் இல்லை. பூசும்போதே குழாய் பதித்தால் ஒரு பிளக்குக்குச் சில நூறு ரூபாய்தான் செலவு. பூசிய பிறகு சுவரைக் கொத்திப் போட்டால் அதைவிட அதிகம். அந்தச் செலவை அன்றாடக் கூலி வாங்குபவர் தலையில் கட்டுவதுதான் இன்று நடக்கிறது.

குடிசை இணைப்பில் இருப்பவர்கள் கூடுதல் பிளக் போட்டால் இலவச மின்சாரம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அனுமதித்ததற்கு மேல் பயன்படுத்தினால் சாதாரண வீட்டு இணைப்பாக மாற்றுவார்கள் என்பது உண்மை. ஆனால் சாதாரண வீட்டு இணைப்புக்கும் 2016 மே முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உண்டு. இதைத் தெரியாமலே பலர் பயந்துபோய், திருட்டுத்தனம் போல ஒயரை ஓலைக்குள் ஒளித்து இழுக்கிறார்கள். ஒளித்து இழுக்கும் ஒயரில்தான் தீப்பிடிக்கிறது. அரசு இந்தப் பயத்தைப் போக்க வேண்டும். குடிசை இணைப்பிலிருந்து மாறுகிறவர்களுக்குக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்று. அரசு நிதியில் கட்டும் எல்லா வீட்டின் மதிப்பீட்டிலும் பன்னிரண்டு பிளக், எர்த், எம்.சி.பி., ஆர்.சி.டி. என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பழைய தொகுப்பு வீடுகளுக்கு மறு ஒயரிங் செய்ய வேண்டும். அதற்கு நிதி இல்லை என்று சொல்ல முடியாது. நம் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்குவதற்காகத்தான் பட்டியலினத்தோர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சி செயல்திட்டச் சட்டத்தை 2024-ல் சட்டமன்றம் நிறைவேற்றியது. மூன்றாவது, அந்த வேலையை ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியாக அலையும் நம் பிள்ளைகளுக்கே கொடுக்க வேண்டும்.

"காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர்ப் பலகை மாறட்டும். உள்ளே சுவரும் மாற வேண்டும்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் வீட்டுப் பிளக்குகளை எண்ணிப் பாருங்கள். தெருவில் பத்து வீட்டைச் சேர்த்து எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். வீடு, ஆள் எண்ணிக்கை, பிளக் எண்ணிக்கை, எர்த் உண்டா இல்லையா. ஊராட்சியில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக வையுங்கள். ஆரணி போன்ற பேரூராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுங்கள். எண்ணிக்கையோடு கொடுத்த மனுவை ஒதுக்குவது கடினம்.

அந்தப் பிளஸ் டூ பெண் அன்றைக்குக் கடைசியில் பக்கத்துத் தெரு சித்தி வீட்டுக்குப் போய்த்தான் சார்ஜ் போட்டாள். அங்கேயும் ஒரு பிளக்தான். அவள் போனபோது அதில் செட்டாப் பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்ததாம். சித்தி டி.வி.யை அணைத்துவிட்டுக் கொடுத்தாராம். விட்டுக்கொடுப்பதில் நம் மக்களுக்குக் குறையே இல்லை. விட்டுக்கொடுக்காமலே படிக்க ஒரு இடம் அவளுக்கு வேண்டும்.